பிழையுள்ள ஆசான்கள்: எந்திரக் கற்றலில் குறைத்தரவும் மனிதத் தீர்ப்பும் (1989–2022)

முன்னுரை

எந்திரக் கற்றலின் வரலாற்றை எழுதுவோர் கணிப்பொறியின் விரைவையும் தரவின் பெருக்கத்தையும் கணித நுட்பத்தையும் விரித்துரைப்பது வழக்கம். எந்திரத்துக்குக் கற்பித்த மனிதரைப் பற்றி அவ்வரலாறுகள் குறைவாகவே பேசுகின்றன. ஓர் எழுத்துருவத்தைக் காட்டி ‘இது ஏழு’ என்றும், ஒரு படத்தைக் காட்டி ‘இது பூனை’ என்றும், இரண்டு விடைகளைக் காட்டி ‘இதுவே மேலானது’ என்றும் எந்திரத்துக்கு முதலில் சொல்பவர் ஒரு மனிதரே. அவர் களைப்படைகிறார், அவசரப்படுகிறார், தமக்குத் தெரியாத பொருளுக்கும் விடை சொல்லிவிடுகிறார். சில வேளைகளில் அவரைப் போன்றே தேர்ந்த இன்னொருவர் அவர் சொன்னதை மறுக்கிறார். இத்தகைய ஆசானிடம் கற்கும் மாணாக்கன் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்னும் வினா, இத்துறையின் மையத்திலேயே முப்பதாண்டுகளுக்கு மேலாக இருந்துவருகிறது.

அவ்வினாவுக்கு விடை தேடியவற்றுள் குறிப்பிடத்தக்க முயற்சிகள் பல அமெரிக்க ஐக்கிய நாட்டின் மூன்று வட்டாரங்களில் நிகழ்ந்தன. நியூ ஜெர்சியில் பெல் ஆய்வுக்கூடங்களும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும், டெக்சாஸில் ஆஸ்டின் பல்கலைக்கழகமும், கலிபோர்னியாவின் விரிகுடாப் பகுதியில் ஸ்டான்போர்டும் சான் பிரான்சிஸ்கோ நிறுவனங்களும் அவற்றின் களங்கள். இம்மூன்று வட்டாரங்களிலும் தமிழர் திரளாகக் குடியேறி வாழ்கின்றனர் என்பது தனிச்செய்தி. இக்கட்டுரைக்குப் பொருளாவது வேறொரு தொடர்பு: அந்த ஆய்வுக்கூடங்களில் உருவான முறைகளுக்கு உழைத்த பெயரறியா ஆசான்களுள் தமிழர் பலர் இருந்தனர், அம்முறைகளே இன்று தமிழ் உரைகளில் எது சரி, எது பிழை என்று பிரிக்கும் பணிக்கும் பயன்படுகின்றன.

சுவடி தரும் ஒப்புமை

இச்சிக்கல் தமிழ்ப் பதிப்புலகுக்குப் புதியதன்று. ஏட்டுச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் ஒரே கொம்பால் எழுதப்பட்டன. ரகரமும் ஆகாரக் காலும் ஒரே வடிவில் நின்றன. இவற்றின்மேல் ஏடு எழுதியவரின் கைப்பிழையும், செல்லரித்த இடங்களும் சேர்ந்தன. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் முன் இருந்தவை பல படிகள்; ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையில் பிழைபட்டது. எந்தப் படியும் முற்றும் நம்பத்தக்கதன்று. எந்தப் படியும் முற்றும் தள்ளத்தக்கதுமன்று.

பதிப்பாசிரியர் இங்கே இரு வேறு பொருள்களைப் பிரித்தறிய வேண்டியிருந்தது. ஒன்று எழுதினோர் பிழை. மற்றொன்று பிழையே அல்லாத பாடவேறுபாடு. வேறொரு மரபில் வழங்கிய வேறொரு சொல். முதலாவதைத் திருத்த வேண்டும்; இரண்டாவதைப் பிரதிபேதமாகக் குறித்து வாசகர்முன் வைக்க வேண்டும். நூறாண்டு கழித்து நியூ ஜெர்சியில் எண்ணுருக்களை ஆராய்ந்தோர் இதே பிரிவினையில் வந்து நின்றனர். இரண்டுக்கும் இடையே வரலாற்றுத் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் சிக்கலின் வடிவம் ஒன்றே ஆதலின், பின்வரும் செய்திகளைத் தமிழாய்வாளர் எளிதில் இனங்காண்பர்.

ஹோம்டெல்: அஞ்சல் குறியீட்டு எண்களும் தரவுத் தூய்மையும்

நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹோம்டெல் நகரிலிருந்த ஏ.டி. அண்டு டி. பெல் ஆய்வுக்கூடத்தில் யான் லெக்கூனும் உடன் ஆய்வாளர்களும் 1989இல் ஓர் ஆய்வுரையை வெளியிட்டனர். கையால் எழுதிய அஞ்சல் குறியீட்டு எண்களை நரம்பு வலைப்பின்னல் ஒன்று படிக்கக் கற்றதை அது விவரித்தது. நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ அஞ்சலகம் வழியே சென்ற கடிதங்களிலிருந்து 9,298 எண்ணுருக்கள் பிரித்தெடுக்கப்பட்டன. அவற்றுள் 7,291 பயிற்சிக்கும் 2,007 சோதனைக்கும் ஒதுக்கப்பட்டன. கடிதம் எழுதியோருக்குத் தாம் ஓர் எந்திரத்துக்குக் கற்பிக்கிறோம் என்பது தெரியாது. அவசரத்தில் எழுதியவர், நடுங்கும் கையால் எழுதியவர், எட்டையும் மூன்றையும் வேறுபடாமல் எழுதியவர் என அனைவரும் அத்திரட்டில் இடம்பெற்றனர்.

அவ்வாய்வுரையில் பலர் கடந்துசெல்லும் குறிப்பு ஒன்று உண்டு. பயிற்சித் தொகுதியிலும் சோதனைத் தொகுதியிலும் ஐயத்துக்குரியனவும், எவ்வெண் என்று சொல்லவியலாதனவும், தவறாகவே குறியிடப்பட்டனவும் கலந்துள்ளன என்று ஆசிரியர்கள் வெளிப்படையாக எழுதினர். வலைப்பின்னல் சோதனைத் தொகுதியில் 5 விழுக்காடு பிழை செய்தது. பிழையை 1 விழுக்காட்டுக்குக் குறைக்க வேண்டுமாயின் 12.1 விழுக்காட்டு உருக்களுக்கு விடை சொல்லாமல் ஒதுக்கவேண்டும் என்றும் கணக்கிட்டனர். ‘தெரியாது’ என்று சொல்லும் உரிமையை எந்திரத்துக்கு வழங்கியது அக்கணக்கு. அதே வகைத் தரவை மனிதர் படித்தபோது ஏறத்தாழ 2.5 விழுக்காடு பிழை நேர்ந்தது என அதே நிறுவனத்தாரின் பின்னைய அளவீடு கூறுகிறது. ஆசானின் பிழையளவு முதன்முதலாக எண்ணாக எழுதப்பட்ட இடங்களுள் இதுவும் ஒன்று.

இதைவிடச் சிறப்பாகக் கருதத்தக்கது, அதே ஆய்வுக்கூடத்தில் 1992 முதல் நடந்த தரவுத் தூய்மைப் பணி. நாடா மாட்டிச், இசபெல் குயோன், விளாதிமிர் வாப்னிக் முதலியோர் ஓர் எளிய கருத்திலிருந்து தொடங்கினர். கற்கும் எந்திரத்துக்கு எந்த உருக்கள் மிகக் கடினமாக உள்ளனவோ, அவற்றுள்தான் தவறாகக் குறியிடப்பட்டவை பெரும்பாலும் ஒளிந்திருக்கும். எனவே பல்லாயிரம் உருக்களையும் மனிதர் ஒருவர் மீண்டும் சரிபார்க்க வேண்டியதில்லை. எந்திரம் தடுமாறிய சிலவற்றை மட்டும் அவர்முன் வைத்தால் போதும்.

ஆனால் கடினமான உருக்களுள் குப்பையும் உண்டு, மாணிக்கமும் உண்டு. குறுக்குக்கோடிட்ட ஏழு ஐரோப்பியருக்கு இயல்பான ஏழு. அமெரிக்க அஞ்சலகத்திலோ அரிய உரு. அதைக் குப்பையென்று நீக்கினால் எந்திரம் அதைக் கற்கவே மாட்டாது. வழக்கத்துக்கு மாறான ஒன்று பிழையா, அரிய மெய்யா என்பதைக் கணிதம் மட்டும் தீர்க்க இயலாது என்பதை ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்டனர். அவ்வொரு புள்ளியில் மட்டும் மனிதத் தீர்ப்பை அழைத்தனர். எந்திரம் ஐயுறுவது, மனிதர் முடிவுசெய்வது என்னும் இவ்வேலைப் பங்கீடு பின்னர் வேறு பெயர்களில் பலமுறை மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது.

கணிதப் பக்கமும் அங்கேயே வளர்ந்தது. 1992இல் பெர்னார்ட் போசர், குயோன், வாப்னிக் மூவரும் முன்வைத்த பிரிப்பு முறை, இரு வகை உருக்களையும் ஒன்றும் பிசகாமல் பிரிக்கும் எல்லைக்கோட்டைத் தேடியது. தவறாகக் குறியிட்ட ஒரே உரு அக்கோட்டை வளைத்துவிடும். சில போழ்து கோடே இல்லாமற்போகும். 1995இல் கொரின்னா கோர்ட்டெசும் வாப்னிக்கும் அதை நெகிழ்த்தினர். சில உருக்கள் கோட்டுக்கு அப்பால் நிற்கலாம்; ஆனால் ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையை உயர்த்தினால் எந்திரம் ஆசானின் ஒவ்வொரு சொல்லையும் நம்பும். தாழ்த்தினால் சிலவற்றைக் கேளாததுபோல் கடந்துசெல்லும். ஆதரவுத் திசையன் எந்திரம் என்று புகழ்பெற்ற இம்முறையின் உயிர் அந்த நெகிழ்ச்சியிலேயே உள்ளது. மன்னிப்புக்கு விலை குறிப்பவர் எந்திரமன்று, அதை இயக்கும் மனிதர் என்பதும் நினைவிற்குரியது.

ஹோம்டெலுக்கு வடக்கே மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் மைக்கேல் கீர்ன்ஸ் 1993இல் வேறொரு வாயிலைத் திறந்தார். தனித்தனி எடுத்துக்காட்டை நம்பாமல், திரளின் புள்ளியியல் பண்புகளை மட்டும் வினவிக் கற்கும் எந்திரம், தற்செயலான குறிப்பிழைகளைத் தாங்கும் என்று நிறுவினார். அதே நிறுவனத்தில் யோவ் ஃபிராய்ண்டும் ராபர்ட் ஷாப்பையரும் உருவாக்கிய அடாபூஸ்ட் முறையோ இதற்கு எதிர்த்திசையில் சென்றது. தவறவிட்ட எடுத்துக்காட்டுக்கு ஒவ்வொரு சுற்றிலும் மிகுந்த எடை தரும் முறை அது. 2003இல் கோடெல் பரிசு பெற்ற பெருமைக்குரியது. ஆயினும் குறிப்பிழை மிகுந்த தரவில் இடறியது. தவறாகக் குறியிட்ட எடுத்துக்காட்டை எந்திரம் எப்போதும் தவறவிடும். தவறவிடுவதால் அதன் எடை ஏறும். இறுதியில் பிழையே பாடமாகிவிடும். தாமஸ் டீட்டரிக் 2000இல் வெளியிட்ட ஒப்பாய்வு இக்குறையைத் தெளிவாகக் காட்டியது. நெய்யை ஒழுகவிட்டுக் கசண்டைப் பிடித்துவைக்கும் நெய்யரியை நன்னூல் கடைமாணாக்கருக்கு உவமையாக வைத்ததைத் தமிழாசிரியர் இங்கு நினைவுகூர்வர்.

பிரின்ஸ்டன்: வாக்கெடுப்பும் கூலியும்

ஜார்ஜ் மில்லர் 1985இல் பிரின்ஸ்டனில் தொடங்கிய வேர்டுநெட் ஆங்கிலச் சொற்களைப் பொருள்வழி அடுக்கிய அகராதி. நிகண்டு மரபில் வந்தோருக்கு அதன் அமைப்பு வியப்பளிக்காது. 2007இல் அப்பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஃபெய்-ஃபெய் லீ, அவ்வகராதியின் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் நூற்றுக்கணக்கான படங்களைத் திரட்ட முனைந்தார். 2009இல் வெளியான இமேஜ்நெட் ஆய்வுரை 5,247 பொருட்தொகுதிகளில் 32 இலட்சம் படங்களைப் பதிவுசெய்தது. அத்தொகை பின்னர் 1 கோடியே 40 இலட்சத்தைத் தாண்டியது.

இவ்வளவு படங்களுக்கும் குறியிட்டோர் அமேசான் நிறுவனத்தின் மெக்கானிக்கல் டர்க் என்னும் இணையக் கூலிச்சந்தையில் சில சென்ட் கூலிக்கு உழைத்தவர்கள். 1770இல் செய்யப்பட்ட சதுரங்கப் பொறியின் பெயரே அச்சந்தைக்கு இடப்பட்டது. தானே ஆடுவதாகக் காட்டப்பட்ட அப்பொறிக்குள் ஒரு மனிதர் ஒளிந்திருந்தார். பெயரிட்டோர் உண்மையை மறைக்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

ஒரே படத்தைப் பலர் தனித்தனியே பார்த்து வாக்களித்தனர். எத்தனை வாக்கு போதும் என்பதில்தான் நுட்பம் இருந்தது. ‘பூனை’ என்றால் சிலர் ஒத்துக்கொண்டாலே போதும். ‘பர்மியப் பூனை’ என்றால் பலரும் தெரியாமலே ஆமென்பர். ஆதலின் ஒவ்வொரு பொருட்தொகுதிக்கும் முதலில் ஒரு சிறு மாதிரியை எடுத்து, அதில் ஒவ்வொரு படத்தையும் குறைந்தது 10 பேரிடம் காட்டி, எத்தனை வாக்குக்கு எவ்வளவு நம்பகம் என்று பட்டியலிட்டனர். எளிய சொல்லுக்கு வாக்கு குறைவு. அரிய சொல்லுக்கு வாக்கு மிகுதி.

இதன் கோட்பாட்டு வேர் பழமையானது. 1979இல் டேவிட், ஸ்கீன் என்னும் புள்ளியியலாளர் இருவர், 45 நோயாளிகள் மயக்கமருந்துக்குத் தகுதியானவர்களா என்று ஐந்து மருத்துவர் அளித்த மாறுபட்ட கணிப்புகளை எடுத்துக்கொண்டனர். மெய்ந்நிலை யாருக்கும் தெரியாதபோதும், மருத்துவர் ஒவ்வொருவரின் பிழையளவையும் நோயாளி ஒவ்வொருவரின் மெய்ந்நிலையையும் ஒருங்கே மதிப்பிடலாம் என்று காட்டினர். மெய்யை மதிப்பிட்டுப் பிழையளவைக் காண்பது, அதைக்கொண்டு மெய்யை மீண்டும் மதிப்பிடுவது என மாறி மாறிச் செல்லும் வழி அது. எல்லோருக்கும் ஒரே வாக்கு என்னும் நிலை மாறி, நம்பத்தக்கவர் சொல்லுக்கு எடை கூடியது. பல படிகளை ஒப்பிட்டு எந்தப் படி எவ்வகைப் பிழை செய்யும் என்று அறிந்துகொள்ளும் பதிப்பாசிரியர் செய்வதும் இதுவே.

இமேஜ்நெட்டுக்குக் குறியிட்டோர் 167 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 49,000 பேர் எனத் திட்டத்தார் கூறியுள்ளனர். அவர்களின் பெயர்கள் எந்த ஆய்வுரையிலும் இல்லை. ஆனால் அச்சந்தையில் யார் இருந்தனர் என்பதற்கு வேறொரு சான்று உண்டு. பென்சில்வேனியா, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகங்களைச் சார்ந்த எல்லி பாவ்லிக், கிறிஸ் கேலிசன்-பர்ச் முதலியோர் 2014இல் அச்சந்தையின் மொழிவாரிக் கணக்கை வெளியிட்டனர். தாய்மொழியைத் தெரிவித்த இருமொழிப் பணியாளர் 3,216 பேருள் ஆங்கிலத்துக்கு அடுத்த இடம் பெற்ற மொழி தமிழ்: 253 பேர். அதனை அடுத்தது மலையாளம்: 219 பேர். இந்தி 149 பேருடன் நான்காம் இடத்தில் நின்றது. மக்கள்தொகை கொண்டு இதை விளக்கவியலாது. ஆங்கிலம் பயின்று இணைய வசதியும் பெற்று, தக்க வேலைக்குக் காத்திருந்த ஓர் இளந்தலைமுறையின் நிழல் அவ்வெண்களில் விழுந்திருப்பதாகக் கொள்வது பொருந்தும்.

அதே ஆய்வுக் குழுவினருள் சிலர் 2012இல் தமிழ் உட்பட ஆறு இந்திய மொழிகளின் விக்கிப்பீடியாக் கட்டுரைகளை அச்சந்தை வழியே ஆங்கிலத்தில் பெயர்த்தனர். ஒவ்வொரு வாக்கியத்தையும் நால்வர் தனித்தனியே பெயர்த்தனர். நான்கும் ஒத்திருப்பது அரிது. அவற்றுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறியாமல் நான்கையும் ஆய்வாளர்கள் வெளியிட்டது பாராட்டுக்குரியது.

வாக்கெடுப்பின் எல்லையும் விரைவில் வெளிப்பட்டது. கர்ட்டிஸ் நார்த்கட்டும் உடன் ஆய்வாளரும் 2021இல் புகழ்பெற்ற பத்துத் தரவுத் தொகுதிகளின் சோதனைப் பகுதிகளை ஆராய்ந்து, சராசரியாக 3.3 விழுக்காடேனும் குறிப்பிழை உண்டு என்றும், இமேஜ்நெட்டின் சரிபார்ப்புத் தொகுதியில் அது 6 விழுக்காடேனும் இருக்கும் என்றும் மதிப்பிட்டனர். எந்த எந்திரம் சிறந்தது என்று அளக்கும் அளவுகோலே வளைந்திருந்தது.

ஆஸ்டின்: இரு ஆய்வுகள்

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் பிராட்லி நாக்ஸும் பீட்டர் ஸ்டோனும் 2008இலும் 2009இலும் டேமர் என்னும் முறையை முன்வைத்தனர். அதில் ஆசான் விடையைச் சொல்வதில்லை. எந்திரம் டெட்ரிஸ் விளையாட்டை ஆடும்போது, நன்று என்றோ தீது என்றோ ஒரு விசையை அழுத்துவார், அவ்வளவே. வலுவூட்டல் கற்றலில் அதுவரை வெகுமதி என்பது விளையாட்டின் விதியிலிருந்து வரும் எண். மனிதர் தரும் பாராட்டை அவ்வெண்ணோடு ஒன்றாகக் கருதுவது தவறு என்பதே இவ்விருவரின் கண்டுபிடிப்பு. விளையாட்டின் மதிப்பெண் அக்கணத்தை மட்டும் அறியும். ஆசானோ பின்விளைவையும் எண்ணிப் பார்த்தபின்னரே பாராட்டுகிறார். எனவே அவர் பாராட்டைப் பின்னால் வரும் பாராட்டுகளோடு கூட்ட வேண்டியதில்லை. அவர் எப்போது பாராட்டுவார் என்பதையே எந்திரம் கற்றால் போதும்.

மனிதக் குறை ஒன்றும் இங்குக் கணக்கில் வந்தது. கண் கண்டு மனம் தீர்மானித்துக் கை அழுத்துவதற்குள் ஒரு கணம் கடந்துவிடுகிறது. விரைந்து நகரும் பணியில் பாராட்டு வேறொரு செயலின்மேல் விழுந்துவிடும். அத்தாமதம் எவ்வாறு பரவியிருக்கும் என்று மதிப்பிட்டு, ஒரு பாராட்டை முன்நடந்த பல செயல்களுக்கும் பகிர்ந்தளித்தனர். ஆசானைத் திருத்தாமல், ஆசானின் இயல்பைப் புரிந்துகொள்ளுமாறு மாணாக்கனை அமைத்தது இம்முறை.

அதே வளாகத்தில் நாகராஜன் நடராஜன், இந்தர்ஜித் தில்லோன், பிரதீப் ரவிக்குமார் ஆகியோர் மிச்சிகனின் அம்புஜ் தேவாரியுடன் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு முற்றும் கணிதம் சார்ந்தது. குறிப்பிழை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் நேர்வதில்லை. நோயுள்ளவரை நலமென்பது ஒரு விகிதம். நலமுள்ளவரை நோயென்பது வேறு விகிதம். இரு விகிதங்களும் தெரிந்தால், கற்றலின்போது கணக்கிடும் இழப்பையே அதற்கேற்பத் திருத்தி, பிழையற்ற தரவில் கற்றதற்கு நிகரான முடிவைச் சராசரியில் எட்டலாம் என்று நிறுவினர். அவர்கள் செயற்கையாக அமைத்த ஒரு தரவில் 40 விழுக்காட்டுக் குறிகளைக் கெடுத்த பின்னும் 88 விழுக்காட்டுக்கு மேல் சரியான விடை கிடைத்தது.

அதே ஆண்டில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நரேஷ் மன்வானியும் பி. எஸ். சாஸ்திரியும், எவ்வகை இழப்புக் கணக்குகள் இத்தகைய இரைச்சலைத் தாமே தாங்கும் என்பதை ஆராய்ந்து வெளியிட்டனர். அக்கழகத்து ஆய்வுமரபு இன்னும் பின்னே செல்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று யேல் பல்கலைக்கழகப் பேராசிரியரான கும்பட்டி நரேந்திராவும், பெங்களூரின் எம். ஏ. எல். தத்தாச்சாரும் 1974இலேயே கற்றல் தானியங்கிகளைப் பற்றி விரிவான மதிப்பீட்டை எழுதியிருந்தனர். சூழல் தரும் ஆம், இல்லை என்னும் விடைகளே நிலையற்றவை என்று கொண்டு தொடங்கிய துறை அது. அமெரிக்க வரலாறுகள் இக்கிளையைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

விரிகுடாப் பகுதி: பின்பற்றலிலிருந்து விருப்பத்துக்கு

ஸ்டான்போர்டில் ஆடம் கோட்ஸ், பீட்டர் அபீல், ஆண்ட்ரூ இங் மூவரும் 2008இல் சிறு உலங்கூர்தி ஒன்றுக்கு வானில் குட்டிக்கரணம் போடக் கற்பித்தனர். தேர்ந்த ஓட்டுநர் ஒருவர் தொலைவிலிருந்து இயக்கிப் பலமுறை செய்துகாட்டினார். எந்த முறையும் குறையற்றதாக அமையவில்லை. ஒருமுறை உயரம் குன்றும், மறுமுறை திருப்பம் பிந்தும். ஆனால் குறைகள் ஒவ்வொரு முறையும் வேறுவேறாக இருந்தன. ஆய்வாளர்கள் அவற்றை ஒரே மறைந்த மூலத்தின் பல பிழைபட்ட படிகளாகக் கொண்டனர். காலத்தை நீட்டியும் சுருக்கியும் படிகளை ஒன்றோடொன்று பொருத்தி, ஓட்டுநர் செய்ய எண்ணிய பாதையை ஊகித்தனர். எந்திரம் பறந்த பாதை ஆசானுக்கு நிகராகவோ அவரை விஞ்சியோ அமைந்தது. சுவடிப் பதிப்புக்கு இதைவிட நெருங்கிய ஒப்புமை இத்துறையில் இல்லை.

செய்துகாட்ட இயலாதவற்றுக்கு வேறு வழி தேவைப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவின் ஓப்பன்ஏஐ நிறுவனத்தாரும் இலண்டனின் டீப்மைண்ட் நிறுவனத்தாரும் 2017இல் அதை வெளியிட்டனர்; பால் கிறிஸ்டியானோ முதலாசிரியர். எந்திரத்தின் இயக்கத்திலிருந்து இரண்டு சிறு காட்சித்துண்டுகளை மனிதரிடம் காட்டி, எது மேல் என்று மட்டும் கேட்டனர். 900 அளவிலான அத்தகைய விடைகளால், ஒரு மணிநேரத்துக்குள், பொம்மை உரு ஒன்று பின்னோக்கிக் கரணமடிக்கக் கற்றது. முன்னோடி ஆய்வுகளுள் ஆஸ்டினின் பணியையும் அவ்வாய்வுரை குறிப்பிடுகிறது. அதன் கணக்கில் ஒரு சிறு எண் உண்டு. மனிதர் பத்தில் ஒருமுறை மனம்போன போக்கில் விடையளிப்பார் என்று முன்கூட்டியே கொள்ளப்பட்டது. எவ்வளவு வேறுபாடு தெளிவாக இருந்தாலும் கைத்தவறு நேரும் என்பதால் இந்த ஏற்பாடு. ஹோம்டெலில் அளந்தறிந்த ஆசானின் பிழை, இங்கு அளக்கும் முன்னரே விதியாகிவிட்டது.

ஆசானின் கண்ணுக்கும் எல்லை உண்டு. பொருளைப் பற்றவேண்டிய எந்திரக்கை ஒன்று, பொருளுக்கும் ஒளிப்படக்கருவிக்கும் நடுவே நின்று பற்றியதுபோலத் தோற்றமளிக்கக் கற்றுக்கொண்டது என அந்நிறுவனமே வெளியிட்ட விளக்கம் கூறுகிறது. மாணாக்கன் பாடத்தைக் கற்காமல் ஆசானின் பார்வைக்குறையைக் கற்றான்.

இம்முறை மொழிக்கும் வந்தது. ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்ட ஆய்வுரை ஒன்றின்படி, ஏறத்தாழ 40 ஒப்பந்தப் பணியாளரின் விருப்பங்களைக் கொண்டு பயிற்றிய 130 கோடி அளவுருக்கள் உடைய மொழிமாதிரியின் விடைகளை, பயிற்றாத 17,500 கோடி அளவுரு மாதிரியின் விடைகளைவிட மேலெனப் பணியாளர் தேர்ந்தனர். பயிற்சிக்கு விருப்பம் சொன்னோர் தமக்குள் ஒத்துப்போனது ஏறத்தாழ 73 விழுக்காடு. அதாவது நான்கு இணைகளில் ஒன்றில், எது மேல் என்பதில் இருவருக்கு இடையே கருத்து வேறுபாடு. செலவு கருதி, பெரும்பாலான ஒப்பீடுகளை ஒருவர் மட்டுமே செய்தார் என்றும் அவ்வாய்வுரை ஒப்புக்கொள்கிறது. பயிற்சித் தரவில் 96 விழுக்காட்டுக்கு மேல் ஆங்கிலம். கருத்து வேறுபடும் இடத்தில் சராசரி விருப்பத்தைப் பின்பற்றுவது எப்போதும் விரும்பத்தக்கதன்று. சிறுபான்மையினரைப் பாதிக்கும் உரையாயின் அவர்தம் தீர்ப்புக்கு எடை கூட்டவேண்டியிருக்கலாம் என்றும் ஆசிரியர்களே எழுதினர்.

தமிழில் எது இரைச்சல்?

அவ்வொப்புதல் தமிழுக்கு நேரே பொருந்துகிறது. கனடாவின் பெருநகரை ஈழத்தமிழர் ‘ரொறன்ரோ’ என்று எழுதுகின்றனர். தமிழ்நாட்டினர் ‘டொராண்டோ’ என்கின்றனர். ‘றேடியோ’ ஒரு கரையில் இயல்பு, மறுகரையில் எழுத்துப்பிழை. குறியிடுவோருள் பெரும்பாலோர் தமிழ்நாட்டினராயின், வாக்கெடுப்பு ஈழ வழக்கை ஒவ்வொரு முறையும் தோற்கடிக்கும். டேவிட்–ஸ்கீன் முறையோ இன்னும் ஒருபடி மேலே சென்று, அவ்வழக்கைச் சரியென்ற ஈழத்தவரையே நம்பகம் குறைந்தவர் என்று கணிக்கும். அடுத்த வாக்கியத்தில் அவர் சொல்லுக்கு எடை குறையும். குறைத்தரவைத் திருத்த எழுந்த கணிதம், பிரதிபேதத்தைக் கைப்பிழையாக எண்ணிவிடுகிறது. 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களின் ணை, லை, னை வடிவங்களுக்கும், வட்டார உரையாடலில் எழுதிய புனைகதைகளுக்கும் இதே நிலை நேரும். அஞ்சலகத்தில் குறுக்குக்கோடிட்ட ஏழு நின்ற இடத்தில் இவை நிற்கின்றன. ஹோம்டெலில் அவ்விடத்தில் மனிதர் ஒருவரை அழைத்தனர். தமிழுக்கு அழைக்கப்படுபவர் யார், எக்கரையினர் என்பதே வினா.

இதனை ஓரளவு உணர்ந்து செய்யப்பட்ட தமிழ்த் தரவுப்பணி ஒன்று உண்டு. 2020இல் பாரதி ராஜா சக்கரவர்த்தி, விக்னேஷ்வரன் முரளிதரன், ரூபா பிரியதர்ஷினி, ஜான் மெக்ரே ஆகியோர், யூடியூபில் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதப்பட்ட 15,744 கருத்துகளைத் திரட்டி, அவற்றின் உணர்வுநிலையைத் தன்னார்வலரைக் கொண்டு குறித்தனர். முதலில் இருவர் குறியிட்டனர்; இருவரும் மாறுபட்டால் மூன்றாமவர் பார்த்தார்; மூவரும் மூன்று விதமாகச் சொன்னால் மேலும் இருவரிடம் சென்றது. குறியிட்டோர் பள்ளியில் எம்மொழிவழிப் பயின்றனர் என்பதும் பதிவாயிற்று. உவப்பு, வெறுப்பு என்னும் இரண்டோடு நில்லாமல், ‘கலந்த உணர்வு’ என்றொரு வகையையும் அவர்கள் தனியே வைத்தனர்.